எதிராளிக்கும் ஒரு கடன் உண்டு

2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று தோற்கடித்து சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் கோப்பையை வாங்கியது. இரண்டாம் இடத்தில் இருந்த ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். பெயரில் சென்னை, ஆடியது கோவையில் என்று பம்மலில் நாங்கள் கிண்டல் செய்ததுண்டு. ஆனாலும் தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீகை ஜெயித்தது அதுதான் முதல்முறை.

அதே வருடம் அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. இனி ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் நிலை லீக், ஐ-லீக் அதற்குக் கீழே. கோப்பை வாங்கி ஏழே மாதத்தில் சாம்பியன் இரண்டாம் நிலை அணியாகிவிட்டது. தோற்றுக் கீழே போன அணிகளை எல்லா விளையாட்டிலும் பார்த்திருக்கிறோம். இவர்கள் ஜெயித்துவிட்டுக் கீழே போனார்கள். 2021-க்குப் பிறகு ஐ-லீகில் அந்தப் பெயரே இல்லை.

இதைச் சொல்லிப் புலம்பியபோது நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், நீ மூணு கம்பெனி மாறிட்ட. சம்பளம் அதிகம்னு போன. கிளப் மட்டும் ஏன் போகக் கூடாது?"

கேள்வி நியாயமானதுதான். பணம் இருக்கும் இடத்துக்குப் போகிறவன் விலைபோனவன், தனியாக நிற்பவன் மானஸ்தன் என்று ஒரு கணக்கு நமக்குள் ஓடுகிறது. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவனுடைய ஒப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. நான் வேலையை விட்டால் என் நாற்காலியில் இன்னொருத்தர் வந்து உட்காருவார். ஆட்டத்தில் அப்படி இல்லை. எதிராளி எழுந்து போனால் கேரம் போர்டையே மூடி வைக்க வேண்டியதுதான். ஒரு லீக் என்பது ஒருவரை ஒருவர் தோற்கடிக்க விரும்புகிறவர்கள், "அடுத்த வருஷமும் வருவேன்" என்று கொடுத்துக்கொண்ட வாக்கு. எதிராளிக்கு நாம் பட்ட கடன் அது.

இந்தக் கடன் பெரிய அளவில் உடைந்ததைப் பார்க்க அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்குப் போக வேண்டும். (பெயர்தான் கால்பந்து. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.) அங்கே பல்கலைக்கழக அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடும். மேற்குக் கரையில் பேக்-12 என்று ஒன்று. தொலைக்காட்சி உரிமைப் பணம் வேறு பக்கம் அதிகம் என்று 2022-ல் இரண்டு லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்கள் கிளம்புவதாக அறிவித்தன. 2023-ல் மற்றவர்களும் வரிசையாகக் கிளம்பினார்கள். பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கரை என்று பெயரிலேயே எழுதியிருக்கும் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. பன்னிரண்டில் மிச்சம் இரண்டு: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். அவர்கள் எங்கேயும் போகவில்லை. மற்றவர்கள் போனதால் தனியாகிவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நோட்ர டாம் இருக்கிறது. இந்தியானாவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். கால்பந்தில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராமல் இருப்பதுதான் அதன் பெருமை. 1999-ல் பிக் டென் கூப்பிட்டும் மறுத்துவிட்டது. 1991-லிருந்து அதன் உள்ளூர் ஆட்டங்களை என்.பி.சி. ஒளிபரப்புகிறது, அந்தப் பணத்தை யாரோடும் பங்குபோட வேண்டியதில்லை. தனித்து நிற்பதற்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் இதைத்தான் காட்டுவார்கள்.

எனக்கு நோட்ர டாமைப் பார்த்தால் எங்கள் தெருவில் சொந்தமாக பேட் வைத்திருந்த பையன் ஞாபகம்தான் வருகிறது. அவன் எந்த டீமிலும் இல்லை, எல்லா மேட்சிலும் இருப்பான். நோட்ர டாம் சீசனுக்கு ஆடும் பன்னிரண்டு ஆட்டங்களில் ஏறக்குறைய ஐந்து ஏ.சி.சி. அணிகளோடு. அதன் மற்ற விளையாட்டுகள் பலவும் 2013-லிருந்து அதே ஏ.சி.சி.யில்தான். 2020-ல் கொரோனா வந்து, அவரவர் கான்ஃபரன்ஸுக்குள் மட்டும் ஆடுவது என்று பலரும் கதவைச் சாத்தினார்கள். நோட்ர டாம் அந்த ஒரு சீசனுக்கு ஏ.சி.சி.க்குள் வந்து ஆடிவிட்டு, அடுத்த வருடம் மறுபடியும் சுதந்திரமாகிவிட்டது. அடுத்தவர்கள் ஒன்றாகக் கட்டுண்டு இருப்பதால்தான் அதற்குத் தனியாக நிற்க முடிகிறது. இதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். வீரம் என்றும் சொல்ல மாட்டேன்.

கோவாக்காரர்கள் செய்தது வேறு. 2016-ல், ஐ-லீகை ஓரங்கட்டும் திட்டம் வருகிறது என்று தெரிந்ததும் சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கோவா, டெம்போ மூன்றும் எதிர்ப்புத் தெரிவித்து விலகின. டெம்போ பல முறை தேசிய சாம்பியன். அவர்கள் இன்னும் பெரிய மேடைக்குத் தாவவில்லை, கோவாவின் உள்ளூர் லீகுக்குத் திரும்பினார்கள். நஷ்டம் அவர்களுக்கே. அவர்கள் விட்டுப்போன காலி இடத்தில், கீழே இறக்கப்பட்டிருந்த மிசோரத்தின் ஐசால் எஃப்.சி.யைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனில், 2017-ல், அந்த ஐசால்தான் சாம்பியன்! யாரும் திட்டமிட்டது இல்லை. ஆனால் தனித்து நிற்பதன் விலையை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் கோவாவுக்கும் நோட்ர டாமுக்கும் உள்ள தூரம் தெரியும்.

கொல்கத்தாவின் இரண்டு பெரிய கிளப்புகளும் 2020-ல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போயின. 1889-ல் தொடங்கி, 1911-ல் வெள்ளைக்கார ரெஜிமென்ட்டைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கிய மோகன் பகான், ஏ.டி.கே. என்ற புதுக் கிளப்போடு இணைந்து 'ஏ.டி.கே. மோகன் பகான்' ஆனது. ரசிகர்கள் மூன்று வருடம் கத்தினார்கள், 2023-ல் அந்த மூன்று எழுத்தும் போனது. நல்லது. ஆனால் அவர்களுடைய கோபம் முழுக்கத் தங்கள் பெயரைப் பற்றித்தான் இருந்தது. பகானும் ஈஸ்ட் பெங்காலும் வருகிற நாளில்தான் நிறைந்த சின்ன ஊர் ஸ்டேடியங்களைப் பற்றி யாரும் போஸ்டர் பிடித்த மாதிரி தெரியவில்லை.

அப்படியானால் எந்த இணைப்பும் கூடாதா என்றால், அதுவும் இல்லை. எங்கள் பம்மலே 2021 நவம்பரில் நகராட்சி என்ற அந்தஸ்தை இழந்தது. தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம், இன்னும் ஐந்து பேரூராட்சிகள், எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி, எழுபது வார்டு. ஊரில் முணுமுணுப்பு இருந்தது. எனக்குப் பெரிய துக்கம் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் பெயரில் இருக்கும் ஊரை வார்டு எண் அழித்துவிடாது. அதைவிட முக்கியம், அனகாபுத்தூரை வெளியே நிறுத்திவிட்டுப் பம்மல் மட்டும் உள்ளே போகவில்லை. அக்கம்பக்கம் எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைத்தார்கள். அங்கே சண்டை போடலாம், குப்பை லாரி ஏன் வரவில்லை என்று கேட்கலாம். 2019-ல் சென்னை சிட்டிக்கு அந்தப் பாயே இல்லை.

போனவர்களாவது நன்றாக இருந்தார்களா? கூட்டமைப்புக்கும் ரிலையன்ஸ் தரப்புக்கும் 2010-ல் போட்ட பதினைந்து வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பது பற்றித் தெளிவில்லாததால் அந்த ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். அடுத்த சீசனை நிறுத்திவைத்தது. தேசிய சாம்பியன்கள் உட்பட எல்லா அணிகளின் ஆட்டக்காரர்களும் எப்போது ஆடுவோம் என்று தெரியாமல் காத்திருந்தார்கள். திரும்பிப் போகலாம் என்றால் பழைய வீட்டை அவர்களே காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, அந்த மிச்சமான ரெண்டு டீம் என்ன ஆச்சு?" என்றான்.

ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நீதிமன்றம் போய் பேக்-12 நிர்வாகத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். கைவிட்டுப் போனவர்களுக்கு எதிராக ஜெயித்தார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் இரண்டு பேரை வைத்து லீக் நடத்த முடியாது. 2024 செப்டம்பரில் பக்கத்திலிருந்த மவுன்டன் வெஸ்ட் என்ற சிறிய கான்ஃபரன்ஸிலிருந்து பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் என்று ஐந்து அணிகளை இழுத்துக்கொண்டார்கள். வேறு என்ன செய்வார்கள் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

வயோமிங், நெவாடா, நியூ மெக்ஸிகோ எல்லாம் மவுன்டன் வெஸ்டிலேயே இருக்கின்றன.