ஐஸ்லாந்தில் மரம் நடும் அறம்

ஐஸ்லாந்தில் மரம் நடுவது அழித்ததைத் திருப்பித் தருவதா, இல்லாத ஒன்றைப் புதிதாகப் படைப்பதா என்பது வனத்துறை மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் நார்ஸ் மக்கள் குடியேறியபோது தீவின் கால் பங்காவது பிர்ச் காடும் புதருமாக இருந்ததாகக் கணிக்கிறார்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே காடு இருந்ததை 12ஆம் நூற்றாண்டிலேயே வரலாற்றாசிரியர் ஆரி தோர்கில்சன் எழுதிவைத்தார். விறகுக்கும் கரிக்கும் மரம் வெட்டினார்கள்; துளிர்த்ததை ஆடுகள் மேய்ந்தன. எரிமலைச் சாம்பல் கலந்த இலேசான மண், வேரின் பிடி விட்டதும் காற்றில் பறந்தது. 1907இல் காட்டையும் மண்ணையும் காக்கச் சட்டம் வந்தபோது மிஞ்சியிருந்தது மிகச் சொற்பம்.

முன்னோர் பட்ட கடனைச் சந்ததி அடைக்க வேண்டும் என்ற வாதம் இங்கே வலுவானது. ஆனால் அடைப்பது எந்த மரத்தால்? நட்டவற்றில் பெரும்பங்கு அலாஸ்காவின் சிட்கா ஸ்ப்ரூஸ், சைபீரிய லார்ச் போன்ற அந்நிய மரங்கள். மீட்டெடுத்த இயற்கை ஓவியத்தின் போலிப் படி போன்றது, இயற்கையின் மதிப்பு அது தோன்றிய வரலாற்றில் இருக்கிறது என்று 1982இல் தத்துவவாதி ராபர்ட் எலியட் வாதிட்டார். ஐஸ்லாந்தில் அந்த வாதம் தடுமாறுகிறது. அங்கே மொட்டை நிலமே மனிதன் செய்தது. பழைய காட்டை வளர்த்த தட்பவெப்பமும் மாறுகிறது. குளிர்காலத்து இளஞ்சூட்டில் லார்ச் மொட்டு விழித்துக்கொள்கிறது, பின்வரும் உறைபனியில் கருகுகிறது. 1963 ஏப்ரலில் திடீரென இறங்கிய கடுங்குளிர் தெற்கே ஏராளமான ஸ்ப்ரூஸ், பாப்ளர் மரங்களைக் கொன்றது.

புவி வெப்பத்தைக் குறைக்கவே நடுகிறோம் என்ற நியாயமும் முழுமையானதல்ல. பனி மூடிய வெட்டவெளி வெயிலைத் திருப்பி அனுப்பும். கரும்பச்சை ஊசியிலைக் காடு அதை உறிஞ்சும். மரங்கள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் வரும் பயனில் ஒரு பகுதியை, சில இடங்களில் முழுவதையுமே, இந்த வெப்பம் விழுங்கிவிடலாம் என்று 2000இல் காலநிலை அறிவியலாளர் ரிச்சர்ட் பெட்ஸ் காட்டினார். ஈரநிலத்தை வடித்து நட்டால் மண்ணிலுள்ள கரிமமும் வெளியேறும். திறந்த தரையில் கூடுகட்டும் பொன்னிற உப்புக்கொத்தி மரங்களின் அருகே தங்குவதில்லை. அந்தப் பறவைக்கும் இந்நிலத்தின்மேல் உரிமை உண்டு. கரிமக் கணக்கில் அதற்கு இடமில்லை என்பது பெரும் குறை.

தத்துவவாதி ஹான்ஸ் ஜோனாஸ் 1979இல், தொழில்நுட்பத்தின் கை நீண்டபோது பிறவாதவர் வரை பொறுப்பும் நீள்கிறது என்றார். ஐயம் உள்ள இடத்தில் கெடுதலான கணிப்புக்கே முதலில் செவிசாய்க்கச் சொன்னார். லூபின் செடி அதற்குச் சான்று. 1945இல் வனத்துறைத் தலைவர் ஹாகோன் பியார்னசன் மண்ணைத் தேற்றும் நல்லெண்ணத்தோடு அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்தது அது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தந்தது உண்மை; இன்று புல்வெளிகளிலும் புதர்நிலங்களிலும் பரவி, கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டதும் உண்மை.

ஆகவே அடுத்த தலைமுறை திருத்திக்கொள்ள வழிவிடும் செயலே மேலானது. 2007இல் தொடங்கிய ஹெக்லா காட்டுத் திட்டம் அவ்வகையானது: ஹெக்லா எரிமலையைச் சுற்றி உள்ளூர் பிர்ச்சும் வில்லோவும் திட்டுத்திட்டாக நடப்படுகின்றன, விதை தானே பரவுகிறது, சாம்பல் விழுந்தாலும் மண் நிற்கும். வத்னயோகுல் பனிப்படுகைக்குக் கீழே ஸ்கெய்தாரார்சாந்தூர் மணல்வெளியில் யாரும் நடாமலே பிர்ச் முளைத்து வருகிறது. இன்றைய புகையைக் கழித்துக் காட்ட நடப்படும் அந்நியத் தோப்போ, வளர்வதற்கு முன்பே தன் பலனைச் செலவழித்துவிடுகிறது. அதைப் பழைய கடனின் வரவில் எழுதுவது பொய்க் கணக்கு.