ஆராய்ச்சி மணி

ஆடு மேய்க்கும் சிறுவன் ஒருவன் விளையாட்டாகப் "புலி வருகிறது" என்று இருமுறை கூவி ஊராரை ஏமாற்றினான். மூன்றாம் முறை புலி உண்மையாகவே வந்தது, ஊரார் வரவில்லை. தொடக்கப் பள்ளியில் பயின்றோர் யாவரும் அறிந்த கதை இது. பொய் சொல்லலாகாது என்னும் நீதியைச் சிறுவனுக்கு உரைத்துக் கதையை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அக்கதையில் ஊராருக்கும் ஒரு நீதி உண்டு. சிறுவன் செய்த பிழைக்காக உயிர் கொடுத்தவை ஆடுகள். மூன்றாம் குரலைக் கேட்டும் வீட்டுக்குள் இருந்தவர்கள் அவ்விழப்பில் பங்குடையவர்களா, அல்லரா? நேற்றுப் பொய்யான எச்சரிக்கையை இன்று நம்ப மறுப்பதற்கு மனிதனுக்கு உரிமை உண்டா?

இவ்வினா கதையோடு முடிந்துவிடுவதன்று. எச்சரிக்கும் பணியை மனிதன் பொறிகளிடம் ஒப்படைத்துவிட்ட இக்காலத்தில், தொழிற்கூடங்களில் இது நாள்தோறும் எழுகின்றது. ஆடைத் தொழிற்சாலைகளில் உள்ள ஊசி காணும் பொறி இதற்குத் தக்க சான்றாகும்.

தையல் இயந்திரத்தின் ஊசி நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை துணியைக் குத்தி எழுகின்றது. தடித்த மடிப்பில் மோதியோ, தேய்ந்தோ அது சில வேளைகளில் ஒடிந்துவிடும். ஒடிந்த முனை மடிப்புக்குள் புகுந்துகொண்டால் கண்ணுக்குப் புலப்படாது. அந்த மடிப்பு ஒரு குழந்தையின் சட்டைக் கழுத்தாக இருப்பின் விளைவை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின், ஊசி ஒடிந்தவுடன் தையலை நிறுத்தி, துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, பதிவேட்டில் ஒட்டி வைத்த பின்னரே புதிய ஊசி வழங்குவது நல்ல தொழிற்சாலைகளின் ஒழுங்கு. அவ்வொழுங்கிற்கும் தப்பியதைத் தடுக்கும் கடைசி வாயிலே ஊசி காணும் பொறி. குறையுடைய பொருளால் தீங்கு நேர்ந்தால், கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிடினும் உற்பத்தியாளரையே பொறுப்பாளியாக்கும் சட்டத்தை ஜப்பான் 1994இல் இயற்றி, 1995 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலும் இத்தகைய பொறுப்பு இடம்பெற்றுள்ளது.

பொறியின் செயல்முறை எளியது. ஓடும் பட்டையின் மேல் வைக்கப்பட்ட ஆடை, ஒரு காந்தப் புலத்தைக் கடந்து செல்கின்றது. இரும்போ எஃகோ அப்புலத்தைக் கலைத்தால் மணி ஒலிக்கும், பட்டை நின்றுவிடும். 1.0 அல்லது 1.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டு அகப்பட வேண்டும் என்பது போல அதன் உணர்திறனை அளவிட்டுக் கூறுவர். குண்டு பதித்த சோதனை அட்டையைப் பட்டையின் இடப்புறம், நடு, வலப்புறம் ஆகிய மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் கீழ், இடை, மேல் என மூன்று உயரங்களிலும் செலுத்துவர். ஒன்பது நிலைகளிலும் மணி ஒலித்தால்தான் பொறி அன்றைய பணிக்குத் தகுதியுடையது.

ஆடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஜொகூரின் பத்து பகாட் போன்றதோர் ஊரில், ஒரு தொழிற்சாலையை மனக்கண்ணால் காணலாம். மாலைக்குள் சரக்கு புறப்பட்டாக வேண்டும். மணி ஒலிக்கின்றது. பொறியின் அருகில் நிற்கும் பெண் சட்டையைப் பிரித்துத் தேடுகின்றாள், ஊசி இல்லை. மறுபடியும் ஒலிக்கின்றது, மறுபடியும் இல்லை. பத்தாம் முறை மேற்பார்வையாளர் முகம் சுளிக்கின்றார். இருபதாம் முறை அவளுக்கே அந்த மணியின் மீது வெறுப்பு உண்டாகின்றது. அப்போது மூன்று குறுக்கு வழிகள் தோன்றுகின்றன. பொறியின் உணர்திறனைக் குறைத்துவிடலாம். மணி ஒலிக்காமல் போகும் வரை அதே சட்டையைத் திரும்பத் திரும்ப அனுப்பலாம். அல்லது, ஒலித்தாலும் ஒலிக்காதது போல் இருந்துவிடலாம்.

மூன்றாவதன் தீமை வெளிப்படையானது. முதலிரண்டோ நேர்மையின் உடையை அணிந்து வருகின்றன. உணர்திறனைக் குறைப்பவர் பொறியைச் "சரிசெய்தேன்" என்பார். அவர் ஐயத்தைத் தீர்க்கவில்லை. ஐயுறும் ஆற்றலையே குறைத்துவிட்டார். சட்டையை மீண்டும் மீண்டும் அனுப்புபவர் "சோதித்தேன்" என்பார். ஆனால் ஊசித் துண்டு கிடக்கும் திசைக்கேற்பப் பொறி உணரும் வலிமை மாறுபடும் என்பதைத் தொழிலறிந்தோர் அறிவர். ஒரு திசையில் வெளிப்பட்ட துண்டு மறு திசையில் ஒளிந்திருக்கக்கூடும். அதனாலேயே ஆடையைத் திருப்பி வைத்து இரண்டாம் முறை செலுத்தும் வழக்கமும் உள்ளது. ஆகவே, ஒருமுறை ஒலித்து மறுமுறை ஒலிக்காத சட்டை ஐயத்திற்குரியதாகவே நிற்கின்றது. வேண்டிய விடை கிடைக்கும் வரை ஒரே வினாவைக் கேட்டுக்கொண்டிருப்பதை விசாரணை என்று சொல்ல இயலாது.

இனி, அந்தப் பொறி உண்மையில் பொய் சொன்னதா என்று கேட்டல் வேண்டும். "சட்டைக்குள் ஊசி உள்ளதா?" என்று பொறியை எவரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. காந்தப் புலம் கலைந்ததா என்பதொன்றே அதற்குத் தெரியும். கலைந்தது என்று அது கூறியபோது, ஏதோ ஒன்று உண்மையாகவே கலைத்திருக்கின்றது. பித்தளை ஜிப்பு பொறியைத் தூண்டாது. ஆனால் அதன் இழுப்பானுக்குள் சிறியதோர் எஃகு வில் இருக்கக்கூடும். மேற்பூச்சால் பித்தளைபோல் தோன்றும் பொத்தானின் உள்ளே இரும்பு இருக்கலாம். பட்டையின் ஓரிடத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கலாம். பணியாளரின் கைக்கடிகாரமோ, கத்தரிக்கோலோ, ஊக்கோ பொறியின் வாயிலுக்கு மிக அருகில் வந்திருக்கலாம். பக்கத்தில் ஓடும் மோட்டாரின் அதிர்வும், மின் இரைச்சலும், பழுதான நிலத் தொடர்பும், கடந்து செல்லும் சரக்கு வண்டியும் காரணமாகலாம். "பொய் மணி" என்று பெயரிடப்படுபவற்றுள் பெரும்பாலானவை, இன்னும் பொருள் விளங்காத மெய் மணிகளே.

பொருளை விளங்கிக்கொள்ளும் வழியும் அரியதன்று. ஆடை வைக்காமல் வெறும் பட்டையை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் மணி ஒலித்தால் குற்றம் ஆடையினுடையதன்று. பட்டை ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஒலித்தால், பட்டையின் ஓரிடத்தைத் துடைத்துத் தூய்மை செய்ய வேண்டும். நேரமின்றிக் கண்டபடி ஒலித்தால், சுற்றியுள்ள இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆடை சென்றால் மட்டும் ஒலிக்குமாயின், அதன் பொத்தானையும் ஜிப்பையும் முத்திரைச் சீட்டையும் தனித்தனியே அனுப்பிப் பார்க்க வேண்டும். எதுவும் காரணமாகாவிடில், தையலைப் பிரித்தேனும் தேட வேண்டும். அந்த ஆடை அதுவரை தனியே வைக்கப்பட வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாக நீக்கிச் செல்பவருக்கு, மணியை நம்புவதா நம்பாமலிருப்பதா என்னும் மயக்கம் இல்லை. அவர் தேடுகின்றார்; விடை தானே வருகின்றது.

இதற்கு ஒரு தடை கூறப்படலாம். ஒவ்வொரு மணிக்கும் பட்டையை நிறுத்தினால் தொழில் எப்படி நடக்கும்? தாமதத்தால் வரும் இழப்பு முதலாளிக்கு மட்டுமா? கூலிக்கு உழைப்போரையும் அது தாக்காதா? இத்தடையில் நியாயம் உண்டு. நல்ல ஆடையைத் தள்ளுவதும் ஒரு பிழையே. ஆயினும் இருவகைப் பிழைகளும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. நல்லதைத் தள்ளிய பிழை தொழிற்சாலையின் கணக்கில் எழுதப்படுகின்றது; செய்தவரே அதைக் காண்கின்றார், திருத்தவும் செய்கின்றார். தீயதை விடுத்த பிழையோ கடல் கடந்து, முகமறியா வீட்டில், பேச அறியாத குழந்தையின் மேனியில் எழுதப்படுகின்றது. தன் இழப்பைத் தவிர்க்கப் பிறர்மேல் இடரைச் சுமத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

அதே தடையிலிருந்து வேறொரு கடமையும் பிறக்கின்றது. காரணமின்றி ஒலிக்கும் மணியை அப்படியே விட்டுவைப்பதும் அறமாகாது. மனிதனின் கவனம் வற்றாத ஊற்றன்று. நாள் முழுதும் வீணே ஒலிக்கும் மணி, அதனைக் கேட்போரின் செவியை மெல்லமெல்லச் செவிடாக்கும். அப்படிச் செவிடான ஒருத்தி உண்மை ஊசியைத் தவறவிட்டால், பழி அவளுடையது மட்டுமன்று. மணியின் குறையை அறிந்தும் அதைக் களைய நேரமும் பொருளும் ஒதுக்காதவர்களுக்கே அதில் பெரும்பங்கு உண்டு. புலிக்கதையின் ஊராரும் இவ்வாறு எண்ணிப் பார்த்திருக்கலாம். முதல் பொய்க்குப் பிறகே பொறுப்புள்ள ஒருவரைச் சிறுவனுடன் அனுப்பியிருந்தால், மூன்றாம் குரலை நம்பலாமா என்னும் ஐயம் எழுந்திராது, ஆடுகளும் பிழைத்திருக்கும்.

எச்சரிக்கையை நம்பாமல் விடுவது ஒரு பிழையெனில், ஆராயாமல் நம்பிவிடுவது மற்றொன்று. பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை ஆராயாது ஏற்றமையால் கோவலன் கொலையுண்டான். பாண்டியன் நெடுஞ்செழியன் அரசோடு உயிரையும் இழந்தான். அவன் ஓர் எச்சரிக்கையைத் தீர்ப்பாகக் கொண்டுவிட்டான். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் வாயிலில் மணியை அசைத்தது ஒரு பசு. வாயில்லாப் பிராணி தெரியாமல் உரசிவிட்டது என்று கூறி வாயிற்கதவை அடைத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் காரணத்தைத் தேடியதால்தான், தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கன்றின் வழக்கு அரசன் முன் வந்தது.

அந்த மணிக்குத் தமிழர் இட்ட பெயர் எண்ணி எண்ணி மகிழத்தக்கது. அதனை நீதி மணி என்றோ, தண்டனை மணி என்றோ கூறாமல் ஆராய்ச்சி மணி என்றனர். தீர்ப்பு வழங்குவது மணியின் வேலையன்று. "எழுந்து வந்து பார்" என்று அழைப்பதே அதன் வேலை. வந்து பார்ப்பது கேட்டவரின் கடமை. நேற்று நூறு முறை வந்து பார்த்து ஒன்றும் காணாதவருக்கும், நூற்றோராம் முறை அக்கடமை நீங்குவதில்லை.

பட்டையை நிறுத்திய பெண்ணிடம் மேற்பார்வையாளர் முதலில் கேட்பது, "ஏன் நிறுத்தினாய்?" என்பதே. அதைக் கடிந்துரைத்தால், மறுநாள் அவள் நிறுத்த அஞ்சுவாள். அதே சொற்களை விடை வேண்டிக் கேட்டால், இருவரும் சேர்ந்து அச்சட்டையைப் பிரித்துப் பார்ப்பார்கள்.