வளைவு

ஆஸ்பத்திரி வீதி. வெயில் இன்னும் மதிலில்தான் இருக்கிறது.

வாங்கில் அக்கா. மடியில் கிளினிக் கொப்பி. இருபதாம் கிழமை. நகக்கண்ணில் புன்னாலைக்கட்டுவன் செம்மண்.

விடிய உதைத்ததாம்.

*

இருட்டறை. ஜெல் பட்டதும் அவள் கால்விரல்கள் மடங்குகின்றன.

காதுக்கு எட்டாத சத்தம் உள்ளே போகிறது, திரும்பி வருகிறது. நீர் கறுப்பு. எலும்பு வெள்ளை. இரும்பில் வெடிப்புத் தேடும் கருவியை வயிற்றின் பக்கம் திருப்பியவர் கிளாஸ்கோவின் இயன் டொனால்ட். 1958இல் அதை எழுதினார்.

திரையில் சாம்பல் நிற மழை.

*

வைத்தியரின் கை நிற்கிறது. நகர்கிறது. திரும்பவும் அதே இடம்.

கண்களுக்கு மேலே வெள்ளையாய் ஒரு வளைவு வரவேண்டும்.

வரவில்லை.

நூல்களில் இதற்குத் தவளைக்கண் என்று பெயர். பெயர் வைத்தவர் எந்தத் தாயின் பக்கத்திலும் நின்றிருக்கமாட்டார்.

கீழே, நெஞ்சில், ஒரு புள்ளி துடிக்கிறது. சீராக.

*

"மண்டையோடு வளரேல்லை, அம்மா."

வைத்தியர் அடுத்த சொல்லைத் தேடுகிறார். மின்விசிறி சுழல்கிறது.

மானிப்பாய் இங்கிருந்து கிட்டத்தான். மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் பிரசவ வைத்தியத்தைத் தமிழாக்கிய இடம். 1857. அந்த நாளில் வயிற்றின் மேல் வைக்கக் கையும் காதும்தான் இருந்தன. பிறக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இப்போது தெரிகிறது.

*

தலை உருவாக மூடவேண்டிய நரம்புக்குழாய், கருவுற்ற 28 நாளுக்குள் மூடிவிடும். போலிக் அசிட் குளிசை அதற்கும் முன்பே வேண்டும். பலருக்குக் கர்ப்பம் என்று தெரியவரும்போது குழாய் தன் வேலையை முடித்திருக்கும், அல்லது முடிக்காமல் விட்டிருக்கும்.

அந்த நாட்களில் அக்கா வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தாள். பாட்டும் படித்திருப்பாள்.

*

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம். கருக்கலைப்பு தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டும் என்கிறது.

அக்காவின் உயிருக்கு ஒன்றுமில்லை.

இன்னும் இருபது கிழமை. பிறகு சில மணித்தியாலம். சிலவேளை ஒன்றிரண்டு நாள்.

கொப்பியில் அடுத்த திகதி விழுகிறது. வியாழன்.

*

தேத்தண்ணிக் கடை. பாலில் ஆடை கட்டுகிறது. அக்கா அதை ஊதி ஒதுக்குகிறாள், குடிக்கவில்லை.

ஜெல்லின் பிசுபிசுப்பு சட்டையில் ஒட்டியிருக்கிறதாம். அதை மட்டும் சொல்கிறாள்.

*

இரவு. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. திரிபோஷ மாவுக்குத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைக்கிறார். உள்ளங்கையில் வைத்து உருட்டுகிறார்.

அக்கா ஒன்றை எடுக்கிறாள்.

மெல்லும் சத்தம். முற்றத்தில் ஒரு பனையோலை உரசுகிறது.