ஒரு கோட்டின் சாட்சி

மனிதன் ஒருவனுடைய தேகத்தினுள் மறைந்திருக்கும் நிலையை, அவன் வாய் திறவாமலே, விரல் நீளமுள்ள ஒரு பட்டை கால்மணி நேரத்துக்குள் அறிவித்துவிடுகிறது என்றால், அந்த அறிவிப்பைப் பிரமாணமாகக் கொள்ளலாமா என்பதும், அதைக்கொண்டு அவனைப் பற்றி முடிவு கட்ட நமக்கு அதிகாரம் உண்டா என்பதும் வைத்தியர்கள் மட்டுமே தீர்த்துவிடக் கூடிய விஷயங்கள் அல்ல. அறிவு எவ்வழியாகப் பிறக்கிறது என்று நம் தத்துவ நூல்கள் நெடுங்காலம் ஆராய்ந்த கேள்வியும், பிறனைப் பற்றி எதைச் சொல்லலாம் என்னும் தர்ம விசாரணையும் இங்கே ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன.

ஒரு துளி ரத்தமோ சிறுநீரோ பட்டையின் ஒரு முனையில் இடப்பட்டதும் வெண்ணிறப் படலத்தின் வழியே ஊறிச் செல்கிறது. நுண்ணிய தங்கத் துகள்களில் ஏற்றப்பட்ட எதிர்ப்பொருள்கள் வழியில் அதனோடு கலக்கின்றன. தேடப்படும் பொருள் இருந்தால் அத்துகள்கள் சோதனைக் கோட்டில் பற்றித் திரண்டு சிவந்து தோன்றுகின்றன. அதற்கு அப்பால் உள்ள கட்டுப்பாட்டுக் கோடு நோயைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. திரவம் முறையாக வந்து சேர்ந்தது என்பதை மட்டும் அறிவிக்கிறது. போதைப்பொருளைத் தேடும் பட்டைகளில் நியதி பெரும்பாலும் தலைகீழானது: கோடு தோன்றாமையே அங்கே பொருள் உண்டு என்பதற்கு அடையாளம்.

எவ்வாறாயினும் நம் கண் காண்பது கோட்டை மட்டுமே. கோடு பிரத்யட்சம், நோய் அனுமானம். புகையைக் கண்டு நெருப்பை அறியும்போது, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற பிரியாத தொடர்பு நிலைபெற்றிருக்க வேண்டும் என்று நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்கள் வற்புறுத்தினார்கள். பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் புகையில்லாமலே நெருப்பு இருப்பதால், புகையின்மையைக் கொண்டு நெருப்பின்மையைச் சாதிக்க முடியாது என்றும் எச்சரித்தார்கள். மலேரியாப் பட்டைகளில் இவ்விரண்டு எச்சரிக்கைகளும் மெய்யாகி நிற்பதைக் காண்கிறோம். ஃபால்சிபாரம் என்னும் கிருமி வெளியிடும் ஒரு புரதத்தையே அவற்றில் பல தேடுகின்றன. மருந்தினால் கிருமி அழிந்த பின்னும் அப்புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கிவிடுவதால், நோய் நீங்கியவனிடத்திலும் கோடு தோன்றக்கூடும். அப்புரதத்துக்குரிய மரபணுவையே இழந்த கிருமிகள் பெரு தேசத்தின் அமேசான் பகுதியில் பரவியிருப்பது 2010-ல் வெளியாயிற்று. அங்கே நோய் இருந்தும் கோடு மௌனம் சாதிக்கிறது. இதனால் அப்பட்டைகள் பயனற்றவை ஆகிவிடா. நுண்ணோக்கியும் ஆய்வகமும் எட்டாத கிராமங்களில் அவை காத்த உயிர்களை எண்ணினால் அவற்றை வணங்கத் தோன்றும். ஆயினும் அவை சாட்சிகளே அன்றி நீதிபதிகள் அல்ல.

சாத்தனாரின் மணிமேகலையில் அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளாகிய அளவைகளைச் சொன்னதோடு நில்லாமல், அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுக் குற்றங்களையும் எடுத்துரைக்கிறான். வெளியிலே நிற்கும் தறியை, அதாவது நட்ட கட்டையை, ஆராயாமல் மனிதன் என்று துணிந்துவிடுவது அவற்றுள் ஒன்று. தேராது தெளிதல் என்பது அதன் பெயர். ஐயமும் அப்பட்டியலில் ஒரு குற்றமே என்றாலும், ஐயம் ஆராய்ச்சிக்கு வழி விடுகிறது; தேராத தெளிவோ அவ்வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே இரண்டில் அதுவே கொடியது என்பது என் கருத்து.

அக்கொடுமையைக் கணக்கும் காட்டுகிறது. பதினாயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டுமே நோய் உள்ள ஊரில், நோயற்றவர்களில் நூற்றுக்கு ஒருவரை மட்டும் தவறாகக் காட்டும் பட்டையைக்கொண்டு எல்லோரையும் சோதித்தால், உண்மையான பத்துக் கோடுகளோடு ஏறக்குறைய நூறு பொய்க் கோடுகளும் தோன்றும். இத்தகைய கணிப்புக்கு அடிகோலியவர் தாமஸ் பேயிஸ் என்னும் கிறிஸ்தவ மதகுரு. அவர் 1761-ல் மறைந்தபின், 1763-ல் அதை வெளியிட்ட ரிச்சர்ட் பிரைஸும் ஒரு மதகுருவே. ஈசுவரன் உளன் என்னும் வாதத்துக்கு அது துணை செய்யும் என்று பிரைஸ் நம்பினார். பரம்பொருளைத் தேடிய சிந்தனை அயலானைப் பற்றி அவசரப்படாதிருக்கவும் கற்பிக்குமாறு அமைந்தது பெரிய பாக்கியம்.

நோய்ச் சோதனையில் தவறு நேர்ந்தால், மறுசோதனை அதைத் திருத்த இடமுண்டு. போதைப்பொருள் சோதனையிலோ கோட்டின் பின்னால் தண்டனை காத்திருக்கிறது. அமெரிக்காவில் உத்தியோகஸ்தர்களின் சிறுநீரில் அபினி வகைக்கு வைத்திருந்த வரம்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்தது. கசகசா தூவிய ரொட்டியை உண்டவர்களும் அதைக் கடந்துவிடக் கூடுமாதலால், 1998-ல் அது 2,000 ஆக உயர்த்தப்பட்டது. நேற்றுக் குற்றவாளியாகக் காணப்பட்டவன் இன்று நிரபராதி ஆவான் என்றால், அந்தக் கோட்டை வகுத்தது இயற்கை அன்று, மனிதரே என்பது தெளிவு. அந்நாட்டில் டெக்சாஸ் மாகாணத்தின் ஹாரிஸ் கவுண்டியில், போலீஸார் தெருவில் வைத்துச் செய்த நிறமாற்றச் சோதனைக்கு அஞ்சிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட பலருடைய பொருளில், தடைசெய்யப்பட்டது எதுவும் இல்லை என்று ஆய்வகம் பின்னர் கண்டது. தீர்ப்புகள் ரத்தாயின என்றாலும், அவர்கள் சிறையில் கழித்த நாட்களைத் திருப்பித் தர யாரால் முடியும்?

கோடு முற்றிலும் மெய்யே சொன்னாலும், அது பொருளைச் சொல்லுமே தவிர, வினையைச் சொல்லாது. சேதனை, அதாவது மனத்தின் எண்ணமே, கர்மம் என்று போதித்தது பௌத்தம். எண்ணத்தைக் காணும் பட்டையை எவரும் இதுவரை செய்ததில்லை.

தேர்ந்து தெளிவதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1986-ல் சென்னையில் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியை முதன்முதலாகக் கண்டபோது, வேலூரில் நடந்த முதற்சோதனையோடு திருப்தியடையாமல், மீண்டும் ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி, வேறு முறையால் உறுதி செய்த பின்னரே அது அங்கீகரிக்கப்பட்டது. இன்றும் நோய்க்குறி இல்லாத ஒருவருக்கு அக்கிருமி உண்டு என்று சொல்வதற்கு மூன்று வெவ்வேறு சோதனைகள் ஒத்துவர வேண்டும் என்பதே நம் நாட்டின் விதி. வேலை தருபவர்களும், காவல் அதிகாரிகளும், நோயாளியின் உறவினர்களும் இந்த விதியைத் தங்கள் தர்மமாகவும் ஏற்றுக்கொண்டு, வேறு சோதனைகளும் உறுதி செய்யும் வரை எவரையும் நோயாளி என்றோ குற்றவாளி என்றோ அழைக்காதிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.