கோட்டோரத்து ஆட்டக்காரர்

கோல் அடித்தவர் பெயர் பலகையில் ஏறும். பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் பெயர் பெரும்பாலும் ஏறாது. கோட்டோரமே ஓடும் விங்கருக்கு வாய்த்தது அதுதான். இங்கிலாந்துக் கால்பந்தின் 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 3-1 எனப் பின்தங்கியிருந்த பிளாக்பூல் அணி 4-3 என வென்றது. மூன்று கோல் அடித்தவர் ஸ்டான் மார்ட்டென்சன். ஆனாலும் அந்த ஆட்டத்துக்கு அணியின் விங்கரை வைத்து நிலைத்த பெயர் ‘மேத்யூஸ் இறுதி’. மார்ட்டென்சனுக்கு இது சற்றே அநீதிதான். கொடுப்பவருக்கு எப்போதோ கிடைக்கும் நீதியும்கூட. வெற்றி கோலுக்கான பந்தை வலது ஓரத்திலிருந்து அனுப்பியபோது ஸ்டான்லி மேத்யூஸுக்கு வயது 38. இங்கிலாந்துக்காக 42 வயதுவரை ஆடினார். 1965-இல், ஐம்பதைத் தொட்ட பிறகும், நாட்டின் முதல்நிலை லீக்கில் ஸ்டோக் சிட்டிக்காகக் களம் இறங்கினார்.