இரட்டைச் செங்கல்

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் மீஷம் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள பழைய செங்கல் வீடு ஒன்றின் படத்தைப் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. வீடு சின்னது, செங்கல் பெரியது. வழக்கமான கல்லைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சாந்துக் கோடுகள் குறைவாக இருப்பதால் வீடு பொம்மை வீடு மாதிரி தெரிகிறது.

காரணம் அழகு இல்லை, வரி. அமெரிக்கப் போர்ச் செலவை ஈடுகட்ட 1784இல் பிரிட்டிஷ் அரசு செங்கலுக்கு வரி போட்டது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கு. மீஷமில் தொழில் நடத்திய ஜோசப் வில்க்ஸ் யோசித்தார்: எண்ணித்தானே வரி? கல்லையே பெரிதாக்கிவிட்டால்? அப்படிப் பிறந்தவைதான் ‘காப்’ எனப்படும் இந்தக் கற்கள். பிறகு அரசு விழித்துக்கொண்டு, 150 கன அங்குலத்தைத் தாண்டும் கல்லுக்கு இரட்டை வரி என்றது. 1850இல் வரியே ஒழிந்தது.

இது ஏமாற்றா, சாமர்த்தியமா? “ஓட்டை சட்டத்துல, அவர் மேல என்ன தப்பு?” என்றுதான் நானும் நினைத்தேன். மாளிகைக்கும் கூலிக்காரர் வீட்டுக்கும் கல்லுக்கு ஒரே வரி என்பது நியாயமாகவும் படவில்லை.

ஆனால் செங்கலின் அளவு சும்மா வந்ததில்லை. கொத்தனாரின் ஒரு கையில் கரண்டி. இன்னொரு கை கல்லை எடுக்க வேண்டும். விரல்களுக்குள் அடங்கும் அகலம்தான் கல்லின் அகலம். காப் அந்தக் கையைக் கணக்கில் எடுக்கவில்லை. சுவரின் மொத்த எடை ஒன்றுதானே, தூக்கும் தடவை பாதியாகிறதே என்று வாதிடலாம். கணக்கு சரி. ஆனால் மணிக்கட்டு மொத்தத்தைத் தூக்குவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் தூக்குகிறது.

நானும் ஒரு காப் செய்திருக்கிறேன். சுவருக்குப் பெரிய பிளாக் போட்டால் நாள் மிச்சமாகும் என்று எழுதிக் கொடுத்தேன். மீட்டிங்கில் பாராட்டினார்கள். அடுத்த வாரம் சைட்டில் ஒரு வங்கதேசத் தொழிலாளி மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவர் இல்லை. நானும் கேட்கவில்லை.

வில்க்ஸ் சட்டத்தை மீறவில்லை, நானும் மீறவில்லை. மீஷம் சுவர்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. என் சுவரும் நிற்கும். இப்போது யாராவது ஒரு ‘மிச்ச’த்தைக் கொண்டுவந்து காட்டினால், அது யார் கையில் கனக்கப் போகிறது என்று முதலில் கேட்கிறேன். பல நேரம் பதில் வருவதில்லை. அந்தக் கை மீட்டிங்கில் இருப்பதில்லை.