தெளிந்த நாள்கள் யாருக்குச் சொந்தம்?

செஞ்சிக் கோட்டையை மொகலாயர் முற்றுகையிட்டது 1690-இல். அது வீழ்ந்ததோ 1698-இல். ராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் பெரும் பாறைப் பிளவு ஒன்று உண்டு. அதன்மேல் கிடந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எவரும் ஏற இயலாது. ஆனால் பகைவன் ஏற்கெனவே மேலே ஏறிவிட்டான் என்றால், பாலத்தை எடுப்பதால் தடைபடுவது உதவிக்கு வரும் படையல்லவா?

மனித மூளைக்கும் இத்தகைய அரண் உண்டு. இரத்தத்தில் கலந்துவரும் நஞ்சினின்று மூளையைக் காப்பது அதன் பணி. மார்பகப் புற்றுநோயின் அணுக்கள் அதைக் கடந்து உள்ளே குடியேறிவிட்டாலோ, பின்தொடரும் மருந்துகள் பலவற்றை அதே அரண் வெளியே நிறுத்திவிடுகிறது. ஆகவேதான் அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படுகின்றன. மூளை முழுவதற்கும் தரும் கதிர்வீச்சு நினைவாற்றலைக் குறைக்கக்கூடும். கட்டியை மட்டும் குறிவைக்கும் முறையில் அந்தக் கேடு குறைவு. அரணைத் தாண்டும் புதிய மருந்துகளால், ஒரு வகை நோயாளிகளுள் சிலர் மாதக் கணக்கை விட்டு ஆண்டுக் கணக்குக்கு வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

செஞ்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை அடையாற்றுக்கோ போகிற குடும்பங்களில் வழக்கமாக ஒரு காட்சி. மூத்த மகன் மருத்துவரைத் தனியே அழைத்து, “அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள், ஐயா” என்று மன்றாடுகிறான். அன்பினால்தான் கேட்கிறான், அதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் நோய் எலும்பில் இருந்தால் இன்று மறைத்ததை நாளை சொல்லலாம். மூளையில் இருக்கும்போது அந்த நாளை வருமா? வலிப்பு வரலாம், பேச்சு குழறலாம், குணமே மாறிப்போகலாம். கேட்கவேண்டிய தாய் கண்முன்னே இருந்தும் கேட்கும் நிலையில் இல்லாது போகலாம். நாம் மறைப்பது ஒரு செய்தியை என்று நினைக்கிறோம். பறித்துக்கொள்வதோ அவருடைய தெளிந்த நாள்களை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் மருத்துவர்களிடம் பேசியபோது, வலியைத் தணிக்க மருந்து தரலாம் என்றார். தக்க காரணமின்றி இறப்பவரின் சுயநினைவைப் பறிக்கலாகாது என்றும் சொன்னார். கடமைகளை முடிக்க அந்த நினைவு தேவை என்பதே அவர் கருத்து. மருந்தால் பறிக்கக்கூடாததை மௌனத்தால் பறிக்கலாமா?

“தெரிந்தால் நொறுங்கிவிடுவார்” என்பார்கள். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரியும். பிள்ளைகள் அழுவார்களே என்று அவரும் நடிக்கிறார். அதற்காக, கேட்க விரும்பாதவர் தலையில் உண்மையைக் கொட்டவும் வேண்டாம். “எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், அம்மா?” என்று முதலில் கேட்கலாம். வேண்டாம் என்றால் அது அவர் முடிவு.

அறிந்தவருக்கு எத்தனையோ வேலைகள் இருக்கும். பேசாதிருக்கும் தங்கைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். தம் பெயரிலுள்ள காணியைப் பற்றிப் பேச வேண்டும். குருவானவரை அழைத்து ஒப்புரவும் நோயிற்பூசுதலும் பெற வேண்டும். இன்னொரு முறை கதிர்வீச்சுக்குப் போவதா, வீட்டுத் திண்ணையிலேயே இருந்துவிடுவதா என்பதையும் அவரே சொல்லட்டும்.